பாதியில் நின்ற பாய்

நம் தீவில், சாலெலோலோங்கா சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறைதான் மனநல ஆலோசகர் லாங்கிமைனாவின் அலுவலகம். மனசு கனத்தவர்கள் வந்து பேசி, அழுது, இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். பத்து வருஷமாக ஊர் ரகசியம் பூராவும் அவள் வயிற்றில். அதற்கு இடம் விட்டுத்தான் சோறு சாப்பிடுகிறாள் என்று அவள் புருஷன் கிண்டல் செய்வான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் செகோனே. பஸ் ஓட்டுகிறவர். மனைவி இறந்து ஏழு மாசமாகியும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவள் பெயரைக்கூட உச்சரிக்கமாட்டார். ‘அவ’ என்பதோடு சரி. ரேடியோ ரிப்பேர் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார். எட்டு வாரம் ரிப்பேரான ரேடியோவை வீட்டார் எப்படி நம்பினார்களோ.

ஒன்பதாவது வாரம் அறைக்குள் வரவில்லை. இடுப்பில் நல்ல துணி, தோளில் ஒரு பாயோடு வாசலில் நின்றார். மனைவி மூன்று வருஷம் உட்கார்ந்து பின்னிய மெல்லிய பாய், பட்டுப்போல மடியும். நம் ஆட்கள் ஒரு பொருள் கொடுத்தால் என்ன, யாருக்கு, எதற்கு என்று ஊர் கேட்க அறிவித்துத்தான் கொடுப்பார்கள். செகோனே அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தார்.

“எல்லாரும் கேளுங்க. இந்தப் பாய் லாங்கிமைனாவுக்கு. எதுக்குன்னா, எட்டு வாரமா இந்த ரூமுக்குள்ள நான் அழுத அழுகையை...”

“அண்ணே, மெதுவா, மெதுவா.” லாங்கி பாய்ந்து வந்தாள். சந்தையில் சேப்பங்கிழங்கு விற்கிற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள். “இதெல்லாம் நான் வாங்கக் கூடாதுண்ணே. ஆபீஸ் சட்டம்.”

செகோனே வாயை மூடினார். பாயை மடித்துக்கொண்டு நடந்தார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

சட்டம் தப்பில்லை. ஒருவரிடம் பாய் வாங்கினால், நாளைக்கு ஒன்றுமில்லாதவன் வெறுங்கையோடு வரக் கூசுவான். ஆனால் கொடுத்ததைத் திருப்பினால் ‘உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை’ என்று அர்த்தம். அது இங்கே நண்டு பிடிக்கிற பொடிசுக்கும் தெரியும். டிப்ளமா வாங்கியவளுக்கு மறந்துபோயிற்று. எட்டு வாரம் கெஞ்சித் திறந்த வாயை ஒரு நிமிஷத்தில் அடைத்துவிட்டாளே. இனி யாரிடம் திறப்பார்?

தலைநகர் ஆப்பியாவிலிருக்கும் மேலதிகாரிக்கு போன் போட்டாள். அந்த அம்மா யோசித்துவிட்டு, “ஆபீஸ் பேர்ல வாங்கு. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் விரிச்சுப் படுத்துடாத” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும், ஊர் முறைப்படி கொடுக்க ஒரு மீன் டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செகோனே வீட்டுக்குப் போய், ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன தங்கச்சி, இன்னைக்குச் சட்டத்துக்கு லீவா?”

“நீங்க பேசினதை நடுவுல வெட்டிட்டேன்ணே. தப்பு என்மேலதான். முதல்லேர்ந்து சொல்லுங்க.”

“ஊருக்கே கேக்கும். அப்புறம் என் மேல பாயாத.”

“மூடி வைக்கறதுதான் என் வேலை. திறக்கறது உங்க இஷ்டம்.”

செகோனே எழுந்தார். தொண்டையைக் கனைத்தார், நின்றார், மறுபடி கனைத்தார். பக்கத்து வீட்டு மசினா துணி காயப்போட்டபடி, “உன் பஸ்ஸாட்டம் நீயும் ஸ்டார்ட் ஆகமாட்டேங்கிறியே” என்றாள்.

“எல்லாரும் கேளுங்க,” என்றார் செகோனே. “இந்தப் பாயைப் பின்னினது லூப்பே. என் பொண்டாட்டி லூப்பே. அவ போனப்புறம் நான் வாயைத் திறந்து அழுதது இவகிட்ட மட்டுந்தான். அதுக்குத்தான் இது.”

மசினாவின் கையில் ஈரத்துணி அப்படியே நின்றது.

லாங்கி ஆபீஸ் பேரில் பாயை வாங்கித் தலைக்கு மேல் தூக்கி, பதிலுக்குச் சொல்லவேண்டியதைச் சொன்னாள். “என்னை நம்பி அழுதீங்களேண்ணே, அதுக்கு நான்தான் கொடுக்கணும்” என்ற இடத்தில் குரல் உடைந்தது. நல்லவேளை, பாயின் மடிப்பு முகத்துக்கு முன்னால் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை செகோனே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எதுல விட்டோம் தங்கச்சி?”

“லூப்பே அண்ணி பாய் பின்ன உக்காந்தாங்க. அங்கேர்ந்து சொல்லுங்க.”