ரயில் சக்கரத்தில் ஒரு வளையம்

அப்பா விட்டுச்சென்ற பொம்மை ரயில் தண்டவாளத்தில் வழுக்கியது. இன்ஜின் சக்கரத்துக்கான ரப்பர் வளையத்தை இணையத்தில் தேடிப் பிடிக்கவே இரண்டு மாதமாயிற்று. இன்று அதை மாட்டுவதற்காகப் பழையதைக் கழற்றினேன். அது ரயிலுடையதே அல்ல. தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றும் சக்கரத்தின் வளையம்.

தொம்மலூர் வீட்டில் ஞாயிறு என்றாலே கெரசின் வாசனைதான். அப்பா தண்டவாளம், சக்கரம் எல்லாவற்றையும் கெரசினில் துடைப்பார். ரப்பருக்கு அது ஆகாதென்று அவருக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு ரப்பர் ஊறிக் கழன்றுவிட்டது. சக்கரம் சுழன்றது, இன்ஜின் நகரவில்லை. அன்று அப்பா சாப்பிடவே இல்லை.

அடுத்த ஞாயிறு ரயில் ஓடியது. "பாத்தியா, கெரசின் போட்டா செட் ஆயிடும்னு சொன்னேன்ல?" என்றார். அம்மா பாபினில் விரலால் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அதன்பின் எங்கள் வீட்டில் எவ்வளவு கெரசின் வாங்கினாலும் ரயிலுக்கே தீர்ந்துவிடும்.

அடுத்த அறையில் இருந்த அம்மாவிடம் இரண்டு வளையங்களையும் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இந்தப் பழையத நீதான் ரயில்ல மாட்டினியாம்மா?"

"பின்ன யாரு?"

"மெஷினுக்கு வேற வாங்கியிருக்கலாம்ல?"

"எதுக்குன்னு கேப்பாரே. அப்புறம் கையே பழகிப்போச்சு."

அம்மா பழைய வளையத்தை என்னிடமே தந்துவிட்டுப் புதியதை எடுத்து இழுத்துப் பார்த்தார்.

"அது ரயில்லயே இருக்கட்டும். இது என் மெஷினுக்கு ஆகுமா பாரு."