கடலை அளக்கும் மீனாம்பிகை

அடுப்பெரியும் குசினியின் வெளிச்சுவரில் குதிகாலை முட்டவைத்து, பாதத்துக்கு முன் பாதம் வைத்துக் கடலை நோக்கி நடக்கிறார் மீனாம்பிகை. அலை நனைத்த கோட்டில் நிற்கிறார். "இருவத்தாறு அடி." தேத்தண்ணீர் வைக்க முதல் தினமும் இதுதான் வேலை. போன வருஷம் முப்பத்தொன்று இருந்தது.

"என்னடி, கடல் உன்னட்டைச் சொல்லிப்போட்டே வாறது?" பக்கத்து வீட்டு மக்டலீன் வேலிக்கு மேலால் கேட்பார்.

"சொல்லாமல் வாறதாலைதானே அளக்கிறன்."

வல்வெட்டித்துறையில் கருவாடு போட்டுப் பிழைப்பவர். மீன் கீறத் தயங்காதவர், அரசாங்கக் கடிதம் வந்தால் சாமிப் படத்தடியில் ஒரு நாள் வைத்திருந்துதான் உறையைப் பிரிப்பார்.

குசினிக்குப் பின்னால் கடலைத் தடுக்கக் கல்லணை கட்ட அனுமதி கேட்டிருக்கிறார். அனுமதியில்லாமல் கரையில் ஒரு கல்லும் அடுக்கக்கூடாது. வாடைக்காற்று எழும்ப முன் அணை வராவிட்டால் குசினி கடலோடு போய்விடும். விண்ணப்பத்தில் கடலுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தார்கள். ஐம்பது அடி என்று எழுதினார். வீடு கட்ட அனுமதி கேட்கும்போது அந்தக் கரையில் எல்லாரும் கூட்டித்தான் எழுதுவார்கள். "கிட்ட எண்டு எழுதினியோ, வீட்டை விட்டு எழும்பிப் போ எண்டுவாங்கள்" என்று மக்டலீனும் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை விண்ணப்பத்தைப் பார்க்க உத்தியோகத்தர் ஜெயதீபன் மோட்டார்ச் சைக்கிளில் வந்தார். வேலிப் படலையடியில் நின்றே கோப்பைப் பிரித்தார். குசினியின் பக்கச் சுவரை எட்டிப் பார்த்தார்.

"அம்மா, ஐம்பது அடி கிடக்கு. சுவரும் நல்லாத்தான் இருக்கு. இடியப்போற வீடுகளுக்குத்தான் முதல் குடுப்பம். உங்களுக்கு வாற வருஷம் பாப்பம். எனக்கு இன்னும் ஆறு வீடு கிடக்கு."

மீனாம்பிகை கடல் பக்கம் பார்த்தார். பொய் எழுதினேன் என்றால் இவர் எழுப்பிவிடுவார். பேசாமல் நின்றால் கடல் எழுப்பிவிடும். ஜெயதீபன் கோப்பை மூடி மோட்டார்ச் சைக்கிளை உதைத்தார்.

"தம்பி, நில்லுங்கோ."

மீனாம்பிகை விறுவிறென்று சுவரடிக்குப் போனார். வருபவருக்கு வெடிப்புத் தெரியக்கூடாதென்று விடியப் பூசிய சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அதைப் பத்து விரலாலும் சுரண்டினார். பிறகு வலக்கையைச் சுவர் வெடிப்புக்குள் மணிக்கட்டுவரை விட்டுக்கொண்டு, அவரைத் திரும்பிப் பார்த்தார்.