மிளகாய் மில்லின் மெயின் சுவிட்ச்

காலை பத்து இருபதுக்குப் பலாபத்வல மிளகாய் மில்லில் மோட்டார் உறுமியது. அது ஓடக் கூடாது. மெயின் சுவிட்சை நானே அணைத்திருந்தேன். வெளியே வயர் சுருளை இறக்கிக்கொண்டிருந்தவள் உள்ளே ஓடினேன். ஏணியிலிருந்து "அம்மா!" என்று அலறல். வயர் மாட்ட ஏறியிருந்த என் மகள் தர்ஷினி. வகுப்பில் எல்லோருக்கும் நான் மிஸ்தான், அவளுக்கும்.

கரண்ட் அடித்து விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. உயிர் தப்பினாள்.

மெயினைப் போட்ட மில்காரர் ஓடிவந்தார். "மிளகாயோட ஒரு அம்மா வந்துட்டாங்க மிஸ். ரெண்டு கிலோதானே, அரைச்சிட்டு ஆஃப் பண்ணிடலாம்னு..."

மாத்தளையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வயரிங் கற்பிக்கிறேன். மாணவர்களே ஒரு கடையையோ மில்லையோ பிடித்து, அளந்து, பேசி, வயர் இழுத்து ஒப்படைக்க வேண்டும். அது நான் கொண்டுவந்த முறை.

மறுநாள் பொறுப்பாளர் கூப்பிட்டார். "வெளி வேலை போதும் மிஸ். பழையபடி வகுப்புல பயிற்சி போர்டுலயே செய்யட்டும். அங்க யாருக்கும் ஒன்னும் ஆகலையே?"

"ஆகாது சேர். அங்க மெயினை ஆஃப் பண்றது நான். 'மிஸ், ஆஃபா?'னு கேட்டுட்டுக் கை வைப்பாங்க. மில்லுலயும் எம்மக அதைத்தான் கேட்டா. கரண்ட் இருக்கான்னு பாக்குற டெஸ்டர் பையிலயே கெடந்துச்சு. நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல யாருகிட்ட கேப்பாங்க?"

"ஒங்க மகளே இனி வரமாட்டா. மத்தவங்க புள்ளைங்கள எப்படி அனுப்புறது?"

அது தைத்தது. முந்தின இரவு வீட்டில் லைட் போடக்கூட அவள் தம்பியைத்தான் கூப்பிட்டாள்.

"அவ வரலைன்னா நானே நிறுத்திடுறேன். வந்தா, வேலை நடக்கும்." திங்கட்கிழமை, அதே மில்லில் என்று நாளும் குறித்தேன்.

வீட்டில் அவளை வா என்று நான் கூப்பிடவில்லை. புது விதியை மட்டும் எல்லோருக்கும் சொன்னேன்: கை வைக்கும் குழுவே மெயினை அணைத்துப் பூட்டி, டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சாவி ஒரு மாணவரிடம். போர்டில் இதைச் சொல்லத்தான் முடியும். மிளகாயோடு ஆள் வந்து நிற்கும் இடத்தில்தான் பழக முடியும்.

திங்கட்கிழமை மில் வாசலில் பொறுப்பாளரும் நின்றார். மாணவர்கள் வந்திருந்தும் யாரும் ஏணியைத் தொடவில்லை. பஸ் நின்றது. கட்டுப் போட்ட கையோடு தர்ஷினி இறங்கினாள். மறு கையில் பூட்டு. என்னைப் பார்க்காமல் நேரே மில்காரரிடம் போனாள்.

"அங்கிள், அரைக்க ஏதாச்சும் இருந்தா இப்பவே அரைச்சிடுங்க. நான் பூட்டிட்டா யாரு வந்தாலும் தொறக்க மாட்டேன்."