எடைக்காரன் வீட்டுச் சத்துப்பொடி

பிள்ளைகளா,

நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்வதற்கென்றே ஒரு கதை வைத்திருக்கிறீர்கள். கபடித் தேர்வில் அப்பா போய்க் கழிவு கேட்ட கதை. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி ஆறுவதற்குள் அதைச் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் அந்தக் கதையில் உங்களுக்குத் தெரியாத ஒரு துண்டு இருக்கிறது. அதை வாயால் சொல்ல இதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எழுத வரும். அதனால் எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். களக்காட்டு வாழைத்தார் மண்டியில் எடை போடுகிறவன். காலையிலிருந்து மதியம் வரை தாரைத் தராசில் ஏற்றுவார்கள், நான் எடையைச் சத்தமாகச் சொல்வேன். தண்டுக்கு இவ்வளவு குறைக்க வேண்டும் என்று தாருக்குத் தார் கழிவும் நான்தான் சொல்வேன். இருபது வருடமாகப் பார்த்துப் பார்த்து, தராசில் ஏறுமுன்பே எடையைச் சொல்லும் கண்மதிப்பு எனக்கு உண்டு. கேரளத்து வியாபாரிகளே "அண்ணாச்சி கண்ணு போதும், தராசு எதுக்கு?" என்பார்கள். அந்தப் பேச்சை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன்.

மகளே, அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், உங்கள் பள்ளியிலிருந்து உன்னை அனுப்பப் போகிறோம் என்று பி.டி. டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். உடல் எடை நாற்பத்தெட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. நீ அன்றைக்கு நாற்பத்தாறு. மறு வருடம் வயது கூடிவிடும், அதற்குப் பிறகு பெரிய பிள்ளைகளோடுதான் மோத வேண்டும். ஆகவே இந்த ஒரு தடவைதான். நீ அதைச் சொன்னபோது, பாடிப் போய்த் தொட்டுவிட்டு வந்தவள் போல மூச்சு வாங்கினாய்.

அந்த நாற்பத்தெட்டை நீ வேலி என்று எடுத்துக்கொண்டாய். நான் லாரியின் பாரம் என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு கிலோவுக்கு இடம் இருக்கிறதே, அதை ஏன் காலியாக விட வேண்டும்? எங்கள் தொழிலில் எடை கூடிய தாரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

பஜாரில் நம் உரக்கடை அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். முன்பெல்லாம் அவர் கடையில் யூரியா மூட்டையும் பூச்சி மருந்தும் மட்டும்தான் இருக்கும். பிறகு பக்கத்துக் கடையையும் பிடித்து, நடுச்சுவரில் ஒரு வாசல் வைத்து, அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி அலமாரி அடித்து மனிதருக்கான சத்துகளை அடுக்கிவிட்டார். எலும்புக்கு ஒன்று, ஞாபகத்துக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நான் எடை போட்டு அனுப்பிய ஏத்தன் வாழைக்காயே எங்கேயோ போய்க் காய்ந்து பொடியாகி, கொழுகொழு குழந்தைப் படம் போட்ட பெட்டிக்குள் இருந்து என்னைப் பார்த்தது.

"என்னவே, இந்தப் பக்கம் நிக்கீரு? உரம் அங்கன இருக்கு" என்றார்.

"பிள்ளைக்கு அண்ணாச்சி. கபடிக்குப் போறா. உடம்புல தெம்பு ஏறணும்."

"அப்படிச் சொல்லும்! இப்பம்லாம் பொட்டாசு கேட்டு வாரவன விட டப்பா கேட்டு வாரவந்தான் சாஸ்தி. வாழைக்கு மூணு தரம் உரம் வைக்கீருலா? பெத்த பிள்ளைக்கு வைக்க மாட்டீராக்கும்?"

"எத்தன நாள்ல தெரியும்?"

"ரெண்டு மாசத்துல தண்டு கனத்துரும் வே."

தண்டு என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லிலேயே நான் விழுந்துவிட்டேன். புரதப் பொடி ஒன்று, பாதாம் கலந்தது ஒன்று, சிறுதானியக் கஞ்சிமாவு ஒன்று என மூன்று டப்பாக்களோடு வீடு வந்தேன். டப்பாவில் கரண்டியைத் தலைதட்டி அளக்கச் சொல்லி எழுதியிருந்தது. நான் குவித்துத்தான் போட்டேன். மண்டிக்காரன் கை, தூக்கலாகத்தான் விழும். மூன்றையும் ஒரே செம்பில் பாலோடு கலக்கிக் காலையும் மாலையும் உன் முன்னால் நீட்டினேன்.

"யப்பா, சாக்பீஸக் கரைச்சுக் குடிக்க மாதிரி இருக்குப்பா" என்றாய்.

"பாதாம் மணக்குது மக்கா, நல்லாத்தான் இருக்கும்" என்றேன். நான் ஒரு சொட்டுக்கூட வாயில் வைத்ததில்லை.

உங்கள் அம்மா அப்போதே சொன்னாள். "பிள்ள என்ன ஏத்தன் வாழையா? ஊட்டுன ஊட்டுல ஒரு நாளைக்கு முட்டுக் கம்பு குடுக்க வேண்டி வரப்போகுது, பாருங்க." சின்னவனே, நீ உன் பங்குக்கு "அக்கா குலை தள்ளிட்டா" என்று தெருவெல்லாம் கத்தி அடி வாங்கினாய்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மகளே, நீ மண்டிக்கு வந்து ஒரு தடவை எடை பார்க்கிறேன் என்று கேட்டாய். பள்ளி மெஷினில் முள் ஒடிந்து கிடந்ததாம். நான் விடவில்லை. வளரும் பிள்ளையை எடை போட்டால் கண் படும் என்றேன். கண் படாமல் இருக்க இடுப்பில் ஒரு தாயத்தும் கட்டிவிட்டேன். பிறகு உன்னை வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்து, "நாப்பத்தேழரை. ஒரு பொட்டுக்கூட மேல இருக்காது" என்று தீர்ப்புச் சொன்னேன். நீ நம்பினாய். ஊரே நம்புகிற கண் ஆயிற்றே.

தேர்வு நாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நீ மூன்று இட்லி சாப்பிட்டு எழுந்தாய். நான் செம்போடு நின்றேன்.

"இன்னைக்கு வேண்டாம்ப்பா. வயிறு முட்டிட்டு."

"விளையாடப் போற பிள்ள வெறும் இட்லியோட போவாளா? கண்ண மூடிட்டுக் குடிச்சிரு மக்கா."

அடிவரை குடித்தாய். செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன், காட்டினாய்.

பாளையங்கோட்டை மைதானத்தில் மேஜைக்குப் பக்கத்தில் தராசு வைத்திருந்தார்கள். நீ ஏறினாய். நாற்பத்தெட்டு கிலோ முந்நூற்றைம்பது கிராம். எண்ணை உரக்கச் சொல்லிப் பழகிய என் வாய் அன்று திறக்கவில்லை. எடை குறித்துக்கொண்டிருந்த டீச்சர், பத்து மணி வரை நேரம் இருக்கிறது, குறைத்துக்கொண்டு வந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார்.

அப்போதுதான் நான் உங்கள் கதையில் வரும் அந்தக் காரியத்தைச் செய்தேன். அடக்கமாகத்தான் கேட்டேன்.

"டீச்சர், சடையே கால் கிலோ இருக்கும். எங்க மண்டியில தாருக்கு ஒண்ணரைக் கிலோ தண்டுக் கழிவு போடுவோம். இங்கன ஒரு முந்நூத்தம்பது கிராம் கழிச்சுக்கிடக் கூடாதா?"

டீச்சர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, இது பிள்ள. தார் இல்ல."

வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கம்மலைக் கழற்றி என் கையில் வைத்தாய். கொலுசு, கொண்டை ஊசி, கடைசியில் நான் கட்டிய தாயத்து. என் இரண்டு உள்ளங்கையும் நிறைந்தும் ஐம்பது கிராம்தான் குறைந்தது.

பிறகு ஓடினாய். நன்றாக வியர்க்கட்டும் என்று என் சட்டையையும் உன் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு, நான் பனியனோடு நிற்க, மைதானத்தைச் சுற்றி ஓடினாய். எத்தனை சுற்று என்று எனக்கு ஞாபகமில்லை. ஓரத்தில் நின்று "பைய ஓடு மக்கா, மயக்கம் வந்துராம" என்றும், அடுத்த மூச்சிலேயே "இன்னும் ரெண்டு சுத்து" என்றும் கத்தினேன். எச்சில் எடையாவது குறையட்டும் என்று துப்பித் துப்பி உன் உதடு காய்ந்துபோயிற்று. பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மறுபடி ஏறினாய். நாற்பத்தெட்டு கிலோ நூறு.

டீச்சரும் பாவம், உன்னை ஒரு தடவை இறக்கி, தராசைப் பூஜ்யமாக்கி மறுபடி ஏறச் சொன்னார். அதே நூறு. உன் பெயருக்கு நேராகக் கோடு போட்டார்.

நீ அழுவாய் என்று நினைத்து, என்ன சொல்வது என்று தேடிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். வழியில் ஒரு கடையைக் காட்டி, "பரோட்டா வாங்கித் தாப்பா" என்றாய். நான் தயங்கி நின்றேன்.

"இனிமே என்ன? எவ்வளவு வேணும்னாலும் திங்கலாம்லா" என்றாய். நான்கு பரோட்டா தின்றாய். ஐந்தாவதைப் பிய்க்கும்போதுதான் கண்ணில் நீர் வந்தது. சால்னா காரம் என்று சொன்னாய். பத்தமடை தாண்டும் வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாய். கம்மலும் கொலுசும் என் சட்டைப்பையில் கிடந்தன.

இதுவரைதான் உங்களுக்குத் தெரியும். உன் உடம்பு வாகு அப்படி, வளர்கிற வயது என்று அம்மாவும் பி.டி. டீச்சரும் சொன்னதை நீயும் ஏற்றுக்கொண்டாய். காலையில் குடித்த செம்பைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. நினைவு வராமல் விட்டாயா, வந்தும் விட்டாயா, எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மண்டி பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. அதே செம்பையும் டப்பாக்களையும் பாலையும் ஒரு பையில் கொண்டுபோய், தராசைப் போட்டேன். வெறும் செம்பை வைத்துப் பூஜ்யமாக்கினேன். பிறகு அன்றைக்குக் கலக்கியதைப் போலவே, அதே குவித்த கரண்டி, அதே பால் என்று கழுத்துவரை கலக்கி அதே தட்டில் வைத்தேன்.

நானூறு கிராம்.

பழக்கத்தில் அதை உரக்கச் சொல்லிவிட்டேன். எழுதிக்கொள்ள யாரும் இல்லை. அந்த ஒரு செம்பு இல்லாமல் இருந்தால், கம்மல், கொலுசு, தாயத்து எல்லாவற்றோடும் நீ நாற்பத்தெட்டுக்குள்ளே போயிருப்பாய்.

செம்பைத் தராசிலிருந்து எடுத்து, நின்றபடியே குடித்தேன். நீ சொன்னது சரிதான், மகளே. சாக்பீஸ்தான். அடியில் கட்டியாகத் தங்கியதையும் விரலால் வழித்துத் தின்றுவிட்டு, செம்பைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டேன்.