கலங்கி வந்த தண்ணீர்

போரில் இடம்பெயர்ந்து வன்னியில் உடையார்கட்டுக்கு வந்த வருடம், குளத்தின் அணைக்கட்டை உயர்த்தும் வேலைக்கு நானும் மண் சுமக்கப் போனேன். வயலுக்கும் மீனுக்கும் ஊர்க் கிணறுகளுக்கும் அந்தக் குளம்தான் ஆதாரம். வேலை முடியுமுன்னே மாரிமழை தொடங்கிவிட்டது.

ஒருநாள் காலை கட்டின் அடியில் ஓரிடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. வழமையான கசிவுதானே என்று நாங்கள் கடந்து போனோம். என்னோடு மண் சுமந்த மலையகத்துப் பெண் மட்டும் குந்தியிருந்து அதை அள்ளிப் பார்த்தாள். நேரே வேலையை நடத்திய பொறியியலாளரிடம் போனாள்.

"ஐயா, நேத்து தெளிவா வந்திச்சு. இன்னைக்குக் கலங்கி வருதுங்க. உள்ள மண்ணு கரையுது."

அவர் ஓடிவந்து பார்த்தார்.

"ஓம், அவா சொல்லுறது சரி. மண் போட்டு அடைக்காதேங்கோ. முதல்ல மணல், அதுக்கு மேல சல்லி, பிறகு கல்லுப் போடுங்கோ. தண்ணி வரட்டும், மண் வரக்கூடாது."

மழையில் நனைந்தபடி எல்லோரும் சுமந்தோம். அவள் அந்த இடத்தைவிட்டு நகரவேயில்லை. பின்னேரம் ஒரு போத்தலில் கசிவு நீரைப் பிடித்து உயர்த்திக் காட்டினாள். கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் தொடக்கம் கட்டைச் சுற்றிப் பார்க்கும் பொறுப்பைப் பொறியியலாளர் அவளிடமே கொடுத்தார். குளம் நிரம்பி மிகைநீர் வான் வழியே வழிந்து பாய்ந்தபோதும் கட்டு அசையாமல் நின்றது.