வெளிச்சம் பார்க்கிற நாள்

ஓட்டுக் கூரை வழியாக ஒழுகும் மழைத்தண்ணீர் கறுப்பாக இருக்கும். பல வருஷத்து அடுப்புப் புகை ஓட்டின் அடியிலும் மரச்சட்டங்களிலும் படிந்து கிடக்கும். அதைக் கரைத்துக்கொண்டு இறங்குகிற தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வந்து விழும், விழுந்த இடத்தில் கரி வாசம் அடிக்கும். துணியில் பட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. என் தம்பி பிறந்து சில வாரமே ஆகியிருந்தபோது, அவனைக் கிடத்தியிருந்த வெள்ளைத் துணியில் அப்படி ஒரு சொட்டு விழுந்து வட்டமாகப் பரவியதைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

நாங்கள் இருந்தது போர்டிக்சன் போகிற வழியில் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டம். பின்னால் கட்டிய லயங்களுக்கெல்லாம் தகரக் கூரை, எங்கள் பழைய லயத்துக்கு மட்டும் ஓடு. ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அது கூரைவரைக்கும் போகாது, ஆள் உயரத்தைத் தாண்டிக் கொஞ்சம் எழும்பி நின்றுவிடும். அதற்கு மேலே எல்லாருக்கும் பொது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டுக்கும் தெரியும். இருமினாலும் தெரியும்.

அடுத்த வீட்டில் இருந்தவர் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, எங்கள் சித்தப்பா. அவரும் அப்பாவும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கும் இந்தத் தம்பிக்கும் நடுவில் இன்னொரு பிள்ளை இருந்தான். அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கிய ஒரு காலையில், அப்பா அவனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டுப் 'பெரட்டு'க்குப் பிந்தி வந்தார். பெரட்டு என்றால் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் எழுதி வேலை பிரிப்பது. சித்தப்பா அப்போதுதான் பேர் எழுதி வேலை வாங்குகிற மண்டோர் ஆகியிருந்தார். பிந்தி வந்தவனுக்கு 'அரைப்பேர்', அதாவது பாதி நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள். சொந்த அண்ணனுக்கும் சித்தப்பா அரைப்பேர்தான் போட்டார். "அண்ணன்னு விட்டா நாளைக்கு மத்தவன் என்னைய மதிப்பானா" என்று யாரிடமோ சொன்னாராம். அந்தப் பிள்ளை அந்த வாரமே போய்விட்டான். அதற்கும் அரைப்பேருக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அப்பா அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அம்மாவும் சித்தியும் பேசுவார்கள். ஆம்பளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில், ஆளுக்கொரு பக்கம் அடுப்பை ஊதிக்கொண்டே, சுவருக்கு மேலாகப் பேசுவார்கள். முகம் பார்த்துப் பேசினதில்லை.

தம்பி பிறந்த அந்தப் பருவத்தில் சுமத்ராப் பக்கமிருந்து வருகிற காற்று விடிகாலையில் அடித்தது. வருஷாவருஷம் வருகிற காற்றுதான், ஆனால் அந்தத் தடவை மரங்களைப் பாதியில் முறித்துப் போட்டுவிட்டுப் போனது. லயத்துக் கோடி வீடுகளில் ஓடு பறந்தது. எங்கள் பக்கம் பறக்கவில்லை, நகர்ந்தது. பறந்தால் தெரியும். நகர்ந்தால் தெரியாது, அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காற்று ஓய்ந்த மறுநாள் எங்கள் லயத்தில் 'வெளிச்சம் பார்ப்பார்கள்'. வேலை முடிந்து ஆட்கள் திரும்பி, வெயில் நன்றாக ஏறி நிற்கிற நேரத்தில், லயத்தின் எல்லா வீட்டுக் கதவையும் ஜன்னல் பலகையையும் ஒன்றாகச் சாத்த வேண்டும். ஒரு வீடு திறந்திருந்தாலும் ஆகாது, அந்த வெளிச்சம் சுவருக்கு மேலாக எல்லா வீட்டுக்குள்ளும் வந்துவிடும். "சாத்தியாச்சா?" என்று ஒரு கோடியிலிருந்து குரல் வரும். "இரு லா, கோழி உள்ள வந்துருச்சு" என்று இன்னொரு வீட்டிலிருந்து பதில் வரும். பிறகு இருட்டு. எல்லாரும் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து மேலே பார்ப்போம். ஓடு நகர்ந்த இடத்தில் வெளிச்சம் கோடாகத் தெரியும், உடைந்த இடத்தில் பொட்டாகத் தெரியும். மூங்கில் முனையில் ஒரு ஈர்க்குச்சியைக் கட்டி அந்த வெளிச்சத்துக்குள் நுழைப்பார்கள். மேலே ஏறியிருக்கிற ஆள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஈர்க்கைப் பார்த்து அந்த இடத்து ஓட்டைச் சரி செய்வார்.

அன்று அம்மா உள்ளேயிருந்து ஈர்க்கைக் கொடுக்க, அப்பா மேலே ஏறி எங்கள் வீட்டுக் கூரை முழுக்கச் சரி செய்தார். மறுபடியும் கதவைச் சாத்திப் பார்த்தோம். ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. அப்பா கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து காப்பி குடித்தார்.

அடுத்த மழையில்தான் அந்தச் சொட்டு விழுந்தது.

எங்கள் வீட்டில் பிள்ளையைப் போட நல்ல இடம் ஒன்றுதான் இருந்தது, சுவரோரம். மற்றப் பக்கம் அடுப்பு, வாசல், தண்ணீர்ப் பீப்பாய். சுவரோரத்தில் சொட்டியதால் தூளியை நடுவில் மாற்றிக் கட்டினார்கள். தரையெல்லாம் ஈரம் ஏறி அங்கேயும் குளிர்ந்தது. தம்பிக்குச் சளி பிடித்தது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அம்மாவுக்கு அது முன்பு பார்த்த குழி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் வந்து பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல ஈரம் நிக்கிற வரைக்கும் என் மருந்து நிக்காதும்மா. இன்னொரு மழைக்கு நனஞ்சா சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கணும், அங்கயும் நான் ஒன்னும் சொல்றதுக்கில்ல" என்றார்.

அப்பா தினமும் கூரையில் ஏறினார். ஓட்டை ஒவ்வொன்றாகக் கத்திக் காம்பால் தட்டிப் பார்த்தார். நல்ல ஓடு கணீரென்று கேட்கும், கீறல் விட்டது சொத்தையாகக் கேட்கும். எல்லாம் கணீரென்றே கேட்டன. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே இருந்த ஓட்டை மாற்றினார். அதற்குப் பக்கத்து ஓட்டையும் மாற்றினார். எதிர் வீட்டு மூக்கன் மாமா கீழே நின்று, "என்ன மாப்ள, கீழ வாடகை அதிகமா? மேலயே குடித்தனம் போட்டுட்ட" என்று கேட்டார். அப்பா அடுத்த ஓட்டைத் தட்டினார். மூக்கன் மாமா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி வீட்டுப் பக்கமும் ஒரு தட்டு தட்டிப் பாரேன்" என்றார். அப்பா கத்தியை இடுப்பில் செருகினார். அடுத்த வீட்டுக் கூரை எங்கே தொடங்குகிறது என்று மேலே கோடு போட்டிருக்கவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரியும். அதைத் தாண்டி அவர் கால் வைக்கமாட்டார்.

அவர் இறங்கி ஆற்றுக்குக் குளிக்கப் போன பிறகு சித்தியின் குரல் சுவருக்கு மேலாக வந்தது.

"அக்கா, பிள்ள எப்படி இருக்கான்?"

"அப்படியேதான்."

"இன்னும் ஒழுகுதா?"

"சுவரோரமா சொட்டுது. எங்கன்னே தெரியல. வெளிச்சமே இல்லடி, தண்ணி மட்டும் வருது."

சித்தி ஊதுவதை நிறுத்தினாள். ஊதாங்குழலைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"அக்கா, எங்க வீட்டுல வெளிச்சம் இருக்கு. தண்ணி வரல. அதனால இவரு பாத்துட்டு விட்டுட்டாரு."

அம்மா அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்தாள். அதற்கப்புறம் அவளே எனக்கு விளக்கிச் சொன்னாள். ஓட்டைத் தாங்குகிற சட்டம் லயத்தின் நீளத்துக்கு ஓடுகிறது, சுவருக்கு மேலாகத்தான் ஓடுகிறது. எங்கள் வீட்டுப் பக்கம் தரை கொஞ்சம் இறங்கியதில் கூரையும் எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. சித்தப்பா வீட்டு ஓட்டில் இறங்கிய தண்ணீர் அங்கே விழாமல், சட்டத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து வந்து, சட்டம் ஒட்டுப்போட்ட இடத்தில், எங்கள் பிள்ளை தலைக்கு மேலே சொட்டியது.

அப்பா ஈரத் துண்டோடு உள்ளே வந்ததும் அம்மா சொன்னாள்: "ஒழுகுறது இங்க. ஓட்ட அங்க. நீங்க ஏறுறீங்களா, நான் ஏறட்டுமா?"

அப்பா துண்டைக் கொடியில் போட்டார். சாப்பிட்டார். அன்று வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் ஏணியை எடுத்துச் சாத்தினார், சித்தப்பா வீட்டுக்கு நேராக. அதைப் பார்த்ததும் அம்மா லயத்துக் கோடிவரைக்கும் நடந்து, எல்லாரையும் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, சித்தி வீட்டு வாசலில் நுழைந்தாள். சித்தி பாயை விரித்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பா மேசைமேல் ஏறி மூங்கிலைக் கையில் வைத்திருந்தார். மண்டோர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

கதவு சாத்தியதும் அந்தப் பொட்டு தெரிந்தது. சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தது. சித்தப்பா ஈர்க்கை அதற்குள் நுழைத்தார். மேலே அப்பா நகர்ந்து வருவது ஓட்டின் கிறீச்சில் கேட்டது. அவர் ஈர்க்கைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார், கண்டுபிடித்ததற்கு அடையாளம். பிறகு கத்திக் காம்பால் சுற்றிலும் தட்ட ஆரம்பித்தார். சொத்தைச் சத்தம் வந்தது, ஒன்றில் மட்டுமல்ல, பக்கத்திலும். இன்னும் கொஞ்சம் எட்டுவதற்காக அவர் காலை மாற்றி வைத்தார். அந்த இடத்திலிருந்து உள்ளே தூள் கொட்டியது. மாவு மாதிரி மரத்தூள். சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"அண்ணே" என்றார்.

மேலே தட்டுவது நின்றது.

"அந்தக் கால எடுத்துருங்க. சட்டம் செல்லரிச்சுப் போச்சு. மேலருந்து பாத்தா தெரியாது."

நாங்கள் எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டாள். ஓட்டுக்கு மேலேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"எந்தக் கால?"

"சோத்தாங்கைப் பக்கம்."

"எடுத்து எங்க வைக்க?"

"மேல. ஒரு ஓடு தள்ளி. அங்க கனத்த மரம் போவுது. ஆங், அங்கதான். அங்கயே நில்லுங்க."

அன்று பொழுது சாய்வதற்குள் அந்தச் சட்டத்தை அறுத்து எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். மாற்ற ஓடு போதவில்லை. சித்தப்பா தன் அடுப்படி மேலிருந்த ஓட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக ஏணியில் ஏறி நீட்டினார். அப்பா வாங்கி அடுக்கினார். மூக்கன் மாமா அதையும் விடவில்லை. "மண்டோரே, அடுப்படிக்கு மேல வானமா வச்சிருக்க? மழ வந்தா சோறு கஞ்சியாயிடும் லா." சித்தி உள்ளேயிருந்து, "உங்களுக்கும் ஒரு சட்டி குடுத்து விடுறேன், பேசாம இருங்க" என்றாள். அப்பா சிரித்த மாதிரி இருந்தது. சரியாகத் தெரியவில்லை.

மழை அடுத்த நாளே வந்தது. அம்மா சுவரோரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். மழை விட்ட பிறகும் நீட்டிக்கொண்டிருந்தாள். கை காய்ந்தபடியே இருந்தது. சித்தி வீட்டு அடுப்பில் மழை பெய்தது. அவர்கள் சில நாள் எங்கள் வீட்டு அடுப்பில் சமைத்தார்கள். தம்பிக்கு மூச்சிரைப்பு இறங்க ரொம்ப நாள் பிடித்தது. இறங்கியது.

அதோடு அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஏணியை விட்டு இறங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. பெரட்டில் சித்தப்பா பேரை எழுதினார், அப்பா வேலைக்குப் போனார். ஆனால் ஒவ்வொரு காற்றுக்குப் பிறகும் அப்பா மேலே ஏறுவார், சித்தப்பா கீழே மூங்கிலோடு நிற்பார். இரண்டு வீட்டுக் கூரையையும் சேர்த்தே பார்ப்பார்கள். அந்த நேரம் மட்டும் பேசுவார்கள். அந்தக் கால எடு, இந்தக் கால வை, ஈர்க்கு தெரியுதா, தெரியுது. அவ்வளவுதான். நான் காற்றுக்குப் பயந்தவள், ஆனாலும் அது வரட்டும் என்று சில சமயம் நினைத்திருக்கிறேன்.

தோட்டத்தை விற்றபோது ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள். நாங்கள் சிரம்பானை ஒட்டிய ராசாவுக்கு வந்தோம், சித்தப்பா குடும்பம் கோலா கிளாவாங் பக்கம் போனது. இரண்டு வீட்டுக்கும் இரண்டு கூரை. அதற்கப்புறம் அப்பாவும் அவரும் பேசவே இல்லை. நல்லது கெட்டதுக்குப் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வார்கள். சித்தி இறந்த பிறகு அதுவும் குறைந்தது.

இப்போது நான் இருக்கிற வீட்டில் ஓட்டுக்குக் கீழே வெள்ளைப் பலகை அடித்து மறைத்திருக்கிறது. மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்தினால் இருட்டாகத்தான் இருக்கும், அதில் பார்க்க ஒன்றும் இல்லை. தம்பி போர்டிக்சனில் இருக்கிறான், லோரி ஓட்டுகிறான். போன மழைக்கு அவன் வீட்டில் ஓடு நகர்ந்தபோது, கூரை பார்க்க வந்த பையன் ஒரு சின்னப் பறக்கும் மெஷினை மேலே அனுப்பி, கைப்பேசியில் படம் காட்டினானாம். அரை மணியில் வேலை முடிந்ததாம். நல்ல வசதிதான். ஒரே ஆள் போதும்.

அப்பா காலமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. செய்தி சொல்லி அனுப்பியதும் சித்தப்பா வந்தார். எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அப்பாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார், அழவில்லை. பிறகு திரும்பி என் தம்பியைத் தேடினார். அவனுக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது, ஆள் கனத்துவிட்டான். சித்தப்பா அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார்.

"மூச்சு சிரமம் இல்லையேப்பா?"

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

"இல்ல சித்தப்பா. நல்லா இருக்கு" என்றான்.

சித்தப்பா கையை உடனே எடுக்கவில்லை.