பழத்தில் ஒட்டியிருந்த பஞ்சு

அறுபதுகளில் மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பனியன் மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஸ்டெல்லா அக்கா. நாள் முழுக்க எங்கள் தலையிலும் கையிலும் பஞ்சுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவருடைய அண்ணன் குன்னூரிலிருந்து பீச் பழம் கொண்டுவந்திருந்தார். அதை அக்கா நறுக்கிச் சர்க்கரை தூவி, வெண்ணெய் போட்டுப் பிசைந்த மைதாவை மேலே பரப்பி, சட்டி மூடியின்மேல் தணல் கொட்டி வேகவைப்பாராம்.

நான் அதுவரை பீச் பழத்தைப் பார்த்ததே இல்லை. ஒன்றை எடுத்தேன். மேலெல்லாம் வெள்ளைப் பஞ்சு.

"ஏனுங்க அக்கா, கம்பெனிப் பஞ்சு அப்படியே ஒட்டியிருக்குதுங்க. கை கழுவலீங்களா?" என்று அவர் வீட்டார் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

அக்காவின் முகம் வாடியது. "இரு கண்ணு, தோலைச் சீவிப்போடறேன்" என்று ஒவ்வொரு பழமாகச் சீவினார். வெந்து வந்ததை நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு கல்யாணத்துக்குக் குன்னூர் போனபோது, மரத்தில் தொங்கிய பீச் பழத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதே பஞ்சு. பழத்தோலிலேயே முளைக்கும் மெல்லிய சுணை அது! எனக்கு உடம்பே கூசிப்போயிற்று.

ஒரு பை பழத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே?"

"கம்பெனியில அத்தனை பேர்ல எங்க ஊட்டுக்குச் சாப்பிட வந்தது நீ ஒருத்திதான் கண்ணு. உன்னைய எப்படி எல்லாருக்கும் முன்னால தலைகுனிய வெக்கறது?"

பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, கழுவாமல், தோலோடு கடித்தேன். உதட்டில் சுணை அரித்தது. துடைத்துக்கொள்ள மனம் வரவில்லை.